காத்து சாரின் குறிப்புக் கட்டம்

எங்க ப்ளாக்குல அவருக்குப் பேரு காத்து சார். சொந்தப் பேரு ஒண்ணு இருந்துச்சு, கழுத்து அட்டையில தொங்கிக்கினும் இருந்துச்சு, அதை ஒரு நாளும் யாரும் படிக்கல. நானும்தான். ஏழு வருசம் மாடிச் சாவியை என் கையாலதான் வாங்கிக்கினு போனார். பேரு என்னான்னு கேக்கணும்னு தோணவே இல்லையே, என்ன ஜென்மமோ நான்.

முதல் நாள் அவர் வந்து கதவைத் தட்டினப்போ நான் ஈரத்தலையோட நிக்கறேன். ஒல்லியா ஒரு ஆளு, அம்பது வயசு இருக்கும், கையில ஒரு அட்டை, அதுல கிளிப்பு போட்டு அச்சடிச்ச பாரம் ஒண்ணு.

"உங்க வூட்டுல என்ன அடுப்புங்கம்மா?"

கேஸ் ஏஜென்சி ஆளுன்னு நெனச்சு, "கேஸ்தாங்க"ன்னேன்.

"விறகு?"

"இல்லீங்க."

"சாம்பிராணி?"

"போடுவோம்."

"எந்தக் கிழமை?"

"செவ்வா, வெள்ளி."

"கொசுவத்தி?"

வந்துச்சு பாரு எனக்குக் கோவம். "ஏங்க, யாரு நீங்க? பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ கேக்கல"ன்னேன். அவர் எழுதி முடிச்சிட்டு நிதானமா நிமிர்ந்தார். "மாடியில காத்து அளக்கற மெஷின் வெக்கறோம்மா. நான் திங்கள், வியாழன் வருவேன். நீங்க செவ்வா, வெள்ளின்னீங்க, தப்பிச்சேன்"னார்.

எங்க குவார்ட்டர்ஸ் கீழ ரெண்டு வூடு, மேல ரெண்டு வூடு. மேல்வூடு எங்களுதுங்கறதால மாடிச் சாவி என்கிட்ட இருக்கும். நெய்வேலிக் காத்துல எவ்ளோ தூசி இருக்குன்னு அளக்க ஏதோ ஒரு லேப்பு கான்ட்ராக்ட் எடுத்திருந்துச்சு. அந்த லேப்பு ஆளுதான் இவர். காடாம்புலியூர்ல வூடு, அங்கேர்ந்து டூவீலர்ல வருவார். வண்டியை எங்க வாசல்ல நிறுத்த மாட்டார். தெருமுனையிலயே நிறுத்திட்டு நடந்து வருவார். கேட்டா, "வண்டிப் புகை மெஷினுக்குப் போயிடும்மா"ம்பார். ஒரு நாள் மழை புடிச்சிக்கிச்சு, அன்னைக்கு மட்டும் படிக்கட்டு வரைக்கும் வண்டியில வந்துட்டார். மேல போயி முதல் வேலையா பாரத்துல எழுதினார்: 'என் வண்டி, புகை, இரண்டு நிமிடம்.' நான் கண்ணால பாத்தேன், பொய் இல்ல.

மெஷின்னா பெருசா ஒண்ணும் இல்ல. இடுப்பு உயரத்துக்கு ஒரு தகரப் பொட்டி, மேல கூரை மாதிரி ஒரு மூடி. மூடிக்குக் கீழ நோட்டுத் தாள் அளவுல ஒரு வெள்ளைப் பேப்பர். உள்ள இருக்கற மோட்டார் காத்தை இழுக்கும், காத்து பேப்பரைத் தாண்டிப் போவும், தூசி பேப்பர்லயே தங்கிடும். போடறதுக்கு முன்ன பேப்பருக்கு ஒரு எடை, எடுத்தப்புறம் ஒரு எடை. எட்டு மணி நேரத்துக்கு ஒரு பேப்பர்: காலைல ஆறு, மத்தியானம் ரெண்டு, ராத்திரி பத்து. மைன்ஸ்ல என் வூட்டுக்காரருக்கு என்ன ஷிப்டோ அதே ஷிப்டுதான் காத்துக்கும். நடுவுல காலைல பத்து மணிக்கு ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம் வந்து, மெஷின் ஒழுங்கா இழுக்குதா, சுத்துமுத்தும் யாரும் எதுவும் கொளுத்தறாங்களான்னு பாத்துட்டுப் போவார்.

பாரம் முழுக்க இங்கிலீசு, எல்லாம் நம்பர்தான். கடைசியா குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும், கட்டைவிரல் அகலம்கூட வராது. மத்தவங்க அதுல ஒரு கோடு போட்டுட்டுப் போயிடுவாங்களாம். நம்ம ஆளுக்கு அந்தக் கட்டம்தான் உசுரு. தமிழ்ல பொடிப்பொடியா எழுதுவார், இடம் பத்தலன்னா பாரத்தைத் திருப்பிப் போட்டு எழுதுவார். 'வடக்கு வீட்டில் மிளகாய் வறுத்தார்கள், 9.10 முதல் 9.25.' 'தெருவில் சருகு கூட்டிக் கொளுத்தினார்கள், சொன்னதும் அணைத்தார்கள், திட்டினார்கள்.' திட்டினது எதுக்குங்க காத்து அளக்கன்னு கேட்டேன். "நடந்துச்சேம்மா"ன்னார்.

அந்த மனுசன் வாயில அடிக்கடி வர்ற வார்த்தை அதுதான். நடந்துச்சேம்மா. நடந்துட்டா எழுதணும். ஆனா அதுக்கு மேல ஒரு இஞ்சு போவ மாட்டார். "ஏன் சார், இந்தத் தூசியெல்லாம் எங்கேர்ந்து வருது? காலைல தொடைச்ச ஜன்னல் மத்தியானமே கருத்துப் போவுதே"ன்னு கேட்டா, "எவ்ளோ வருதுன்னுதாம்மா எனக்குத் தெரியும். எங்கேர்ந்துன்னு பாக்க வேற ஆளுங்க இருக்காங்க"ம்பார். நான் விட மாட்டேன். "உங்களுக்கா ஒரு எண்ணம் இருக்கும் இல்ல?" "எண்ணத்துக்குக் கட்டம் இல்லம்மா."

அவருக்கும் எங்களுக்கும் தீராத பஞ்சாயத்து ஒண்ணு இருந்துச்சு. மெஷின் காத்தைச் சுத்தம் பண்ணுதுன்னு நாலு வூடும் நம்பினோம். நம்பாம? உள்ள போற பேப்பர் பால் மாதிரி போவுது, வெளிய வரும்போது கரித்துணியா வருது. அவ்ளோ அழுக்கையும் இழுத்துக்குதுன்னா பக்கத்துல இருக்கற காத்து சுத்தமாத்தானே இருக்கணும்? வடாம் போட்டா மெஷின் பக்கத்துல, துணி காயப் போட்டா மெஷின் பக்கத்துல. பக்கத்து ப்ளாக்குப் பொம்பளைங்க வந்து, "உங்களுக்கு மட்டும் குடுத்திருக்காங்களே, எங்களுக்கு ஒண்ணு வெக்கச் சொல்லுங்க"ன்னு என்கிட்ட சிபாரிசுக்கு நின்னாங்க. நானும், "பாக்கறேன், பாக்கறேன்"னு பெரிய மனுசி மாதிரி தலையாட்டி அனுப்பினேன்.

காத்து சார் தலையில அடிச்சிக்காத கொறை. "அம்மா, தெர்மாமீட்டர் வெச்சா ஜுரம் போயிடுமா? தராசு அரிசியைச் சமைக்குமா? இது அளக்கத்தான் அளக்கும். மொத்த ஊர்க் காத்துல இது இழுக்கறது கடல்ல ஒரு சொம்பு"ன்னு மாடியில நிக்க வெச்சு வெளக்குவார். எல்லாரும் ஆமா ஆமான்னு கேட்டுக்கினு, வடாத்தை இன்னும் ரெண்டடி கிட்ட தள்ளிப் போடுவோம்.

கீழ்வூட்டுல மகனோட இருந்த ரிடையர்டு போர்மேன் ஒரு படி மேல போயிட்டார். அவருக்கு இழுப்பு. அவர் சம்சாரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கினு வந்து மெஷினுக்குப் பக்கத்துல போட்டு, "தினம் சாயந்தரம் ஒரு மணி நேரம் இங்கயே குந்துங்க, நெஞ்சு லேசாவும்"னுட்டாங்க. மெஷின் ஓடாத நாள்லகூட அந்த மனுசன் மறக்காம ஏறிப் போவார். அடேயப்பா, உடம்பு மேல என்ன அக்கறைன்னு நாங்க எல்லாம் மெச்சிக்கினோம்.

ஒரு வியாழக்கிழமை அந்தம்மா துணி எடுக்க மேல போனாங்க. மெஷின் மேல பாரம் கிளிப்புல படபடன்னு ஆடிக்கினு இருந்துச்சு. சும்மா இருக்காம படிச்சாங்க. 'மாலை 4.40. கருவிக்கு மூன்றடியில் பீடி, ஒன்று. கீழ் வீட்டுப் பெரியவர். 5.05. பீடி, இன்னொன்று. அவரே.'

அன்னைக்கு நடந்த கூத்தை நான் சொல்லி முடியாது. அந்தம்மா போட்ட சத்தத்துல மெஷின் சத்தம் அமுங்கிப் போச்சு. போர்மேன் படியில எறங்கி வந்து காத்து சார் சட்டையைப் புடிக்காத கொறையா, "யோவ், நீ காத்தை அளக்க வந்தியா, என் குடும்பத்தைக் கெடுக்க வந்தியா?"ன்னார். காத்து சார் கைகட்டி நின்னுக்கினு, "நாலு பீடிங்கய்யா. மீதி ரெண்டு எழுதறதுக்குள்ள இவங்க வந்துட்டாங்க"ன்னார். போர்மேன் அதோட மாடிப்படி மிதிக்கல. நான் ஒரு வாரம் நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன். அடுத்தவன் வூட்டுல எரிஞ்சா வேடிக்கையாத்தான் இருக்கும்.

ஏன்னா என் வூட்டுலயும் மறைக்க ஒண்ணு இருந்துச்சு. நான் முறுக்கு சுட்டு வித்துக்கினு இருந்தேன். கல்யாணம், சீமந்தம், தீபாவளின்னு ஆர்டர் வரும். கம்பெனி குவார்ட்டர்ஸ்ல தொழில் பண்ணக் கூடாது, அது சட்டம். தெரிஞ்சா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னு என் வூட்டுக்காரர் ஒவ்வொரு தரம் வாணலி வெக்கும்போதும் ஜன்னலைச் சாத்துவார். பொண்ணு அப்போ பிளஸ் டூ. ஸ்கூல் பக்கத்துத் தெரு. பரீட்சைக்கு நாலஞ்சு மாசம் இருக்கறப்போ சாமான் செட்டைத் தூக்கிக்கினு தெருவுல நிக்கறதை நெனச்சா வாணலியை எறக்கி வெச்சிடலாம்னு தோணும். ஆனாலும் விட மனசு வரல. என் கைக்குன்னு இருந்த ஒரே பெருமை அதுதான்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும், ஒரு வியாழக்கிழமை. மில்லுல பச்சரிசி அரைச்சுக்கினு வந்தேன். அரைச்ச மாவு கொதிக்கும், ஆற வெக்கலன்னா கட்டி தட்டிடும். வூட்டுக்குள்ள வெக்க முடியாது, வூட்டுக்காரர் நைட் ஷிப்டு முடிச்சு பேன் போட்டுத் தூங்கறார். மாடிதான். வெளுத்த வேட்டி ஒண்ணை விரிச்சு மாவைக் கொட்டி, கையால பரத்தி விட்டேன். எங்கே விரிச்சேன்? மெஷினுக்கு நாலடியில. தின்ற பண்டமாச்சே, தூசி விழக் கூடாதேன்னு. அதுவும் மெஷின் ஓடற நாளாப் பாத்து வியாழக்கிழமையை நாள் குறிச்சவளே நான்தான். இவ்ளோ புத்தி எங்க வம்சத்துலயே யாருக்கும் கெடையாது.

அன்னைக்குப் பாத்து பத்து மணிக்கு வர வேண்டிய காத்து சார் வரல. அஞ்சு வருசத்துல அதான் முதல் தடவை. பதினோரு மணி வாக்குல ஒரு காத்து கெளம்புச்சு பாருங்க. நான் ஓடிப் போயி வாரின மட்டும் வாரிக்கினு கீழ வந்தேன். மீதியை அப்புறம் வாரலாம்னு வேட்டியை மடிச்சுப் போட்டுட்டு அடுப்பைப் பாக்கப் போயிட்டேன்.

ரெண்டு மணிக்கு சார் வந்தார். சாவி வாங்கிக்கினு மேல போனார். கொஞ்ச நேரத்துல மோட்டார் நின்னுச்சு. அப்புறம் சத்தமே இல்ல. ஏறிப் போயிப் பாத்தேன். மூடியைத் தொறந்து வெச்சுக்கினு, இடுக்கியால பேப்பரைப் புடிச்சுத் தூக்கி வெயில்ல பாத்துக்கினு நிக்கறார். அஞ்சு வருசமா கருப்பா வந்த பேப்பர் அன்னைக்குச் சுண்ணாம்பு அடிச்சாப்ல வெள்ளையா இருக்கு. கிட்ட கொண்டு போயி மோந்து பாத்தார்.

"பச்சரிசி"ன்னார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "சார், என் வூட்டு நம்பரை அதுல எழுதிடாதீங்க. குவார்ட்டர்ஸ் போயிடும். பொண்ணு படிக்குது."

"மாவு இருந்துச்சேம்மா."

"இல்லன்னு சொல்லலியே! எழுதாதீங்கன்னுதான் சொல்றேன்."

"எழுதாம விட்டா இது ஊர்க் காத்துன்னு ஆயிடும்மா. நெய்வேலிக்காரங்க இன்னைக்கு இதைத்தான் மூச்சு வுட்டாங்கன்னு ஆயிடும்."

"ஆவட்டுமே, மாவுதானே? விஷமா?"

அவர் பேப்பரைக் கவர்ல போட்டார், அட்டையை எடுத்தார், பேனா மூடியைத் தொறந்தார். நான் நிக்கறப்பவே எழுத ஆரம்பிச்சார். அதைப் பாக்க முடியாம நான் எறங்கி வந்துட்டேன். கீழ வந்து அழுத அழுகையில அன்னைக்குச் சுட்ட முறுக்கு பாதி கருகிப் போச்சு.

அதுக்கப்புறம் அவர் வந்தா சாவியை ஜன்னல் வழியா நீட்டுவேன். காப்பி கெடையாது, வாங்கன்னு ஒரு வார்த்தை கெடையாது. ரெண்டு தரம், "அம்மா, ஒண்ணு கேக்கணும்"னு ஆரம்பிச்சார். ஜன்னலைச் சாத்திட்டேன். மனசுக்குள்ள விட்ட சாபம் ஒண்ணா ரெண்டா? வண்டி பஞ்சர் ஆவணும்னேன், கால்ல முள்ளு குத்தணும்னேன். வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா நோட்டீஸோன்னு கதவிடுக்குல எட்டிப் பாப்பேன்.

மூணு வாரம் கழிச்சு ஒரு திங்கக்கிழமை காலைல லேப்புலேர்ந்து ஒரு மேடம் வந்தாங்க. சின்ன வயசுதான், சிடுசிடுப்பு ஜாஸ்தி. சாரைக் கூட்டிக்கினு மேல போனாங்க. "சாவி வெச்சிருக்கறவங்களும் வாங்க"ன்னாங்க. சரி, முடிஞ்சுது நம்ம கதைன்னு புடவையில கையைத் தொடைச்சுக்கினே போனேன்.

மேடம் அந்த மாவு நாள் பாரத்தைத் திருப்பிப் போட்டு வாய்விட்டுப் படிச்சாங்க. "'கருவிக்கு மேற்கே நாலடியில் வேட்டியில் அரிசி மாவு, சுமார் ஐந்து கிலோ. பதினோரு மணிக்குமேல் பலத்த காற்று என்று கீழ் வீட்டார் சொன்னார்கள். பத்து மணிக்கு வந்து பார்க்க வேண்டியவன் நான், வரவில்லை. ஒன்பதரை முதல் பன்னிரண்டே கால் வரை பண்ருட்டியில் ஜவுளிக் கடையில் இருந்தேன். மகளுக்குப் பாவாடை சட்டை.'"

படிச்சிட்டு நிமிர்ந்தாங்க. "ஏன் சார், டூட்டி நேரத்துல ஜவுளிக் கடையில இருந்தேன்னு யாராவது எழுதிக் குடுப்பாங்களா? வண்டி ரிப்பேர்னு எழுதினா குடியா முழுகிடும்?"

"வண்டி நல்லாதான் இருந்துச்சு மேடம்."

"சரி, மாவு யாருது? பீடி புடிச்சா ஆளை எழுதுவீங்க, மிளகாய் வறுத்தா வூட்டை எழுதுவீங்க. இதுல மட்டும் ஏன் காணோம்? உங்களுக்குத் தெரியாதா?"

நான் அவர் மூஞ்சியையே பாக்கறேன். தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. அவர் மெஷின் மூடி மேல கைய வெச்சுக்கினு நின்னார்.

"தெரியும் மேடம். எழுதல."

"யாருன்னு சொல்லுங்க."

"எழுதல மேடம்."

"இங்க பாருங்க சார். யாருன்னு சொன்னா விசாரிச்சு, மாவு நெசம்தான்னு இந்தப் பேப்பரைச் செல்லாதுன்னு தள்ளிடலாம். இல்லன்னா என்ன ஆவும்? வேலைக்கு வராம ஜவுளிக் கடைக்குப் போனவர், மாவுன்னு சாக்கு சொல்றார்னுதான் மேல எடுத்துப்பாங்க. அடுத்த மாசம் உங்க கான்ட்ராக்டை நீட்டிக்க மாட்டாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் சரின்னு தலையாட்டினார். எனக்கு அப்போ வந்த கோவம் இருக்கே, அது அந்த மேடம் மேலயா, இந்த மனுசன் மேலயா, என் மேலயேவான்னு இன்னி வரைக்கும் புரியல. ஊர்ல எவன் பீடி குடிச்சாலும் எழுதற ஆளு, எனக்காக வாயைக் கட்டிக்கினு நிக்கறார். நான் இவருக்குக் கால்ல முள்ளு குத்தணும்னு வேண்டிக்கினவ.

"மாவு என்னுதுதாங்க"ன்னேன். வாய்தான் சொல்லுச்சு, எனக்கே கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது. "முறுக்கு ஆர்டருக்கு அரைச்ச மாவு. மெஷின் பக்கத்துல தூசி விழாதுன்னு நான்தான் விரிச்சேன். இவர் தலைப்பாடா அடிச்சிக்கினார், அளக்கத்தான் அளக்கும்னு, நாங்கதான் கேக்கல. வூட்டு நம்பர் போட்டுக்குங்க."

அப்புறம் நடந்ததை முன்னாடியே சொல்லிடறேன், இல்லாட்டி குவார்ட்டர்ஸ் என்னாச்சுன்னு கேப்பீங்க. அந்தப் பேப்பர் செல்லாதுன்னு போச்சு. சாருக்கு ஒரு மெமோ, வேலை தங்குச்சு. எனக்கு நோட்டீஸ் வந்துச்சு, வராம இருக்குமா? வூட்டுக்காரர் ரெண்டு நாள் பேசல. ஆபீஸ்ல போயி இனிமே இங்க தொழில் பண்ண மாட்டேன்னு எழுதிக் குடுத்தோம், முதல் தடவைன்னு விட்டுட்டாங்க. பொண்ணு அதே வூட்டுலேர்ந்துதான் பரீட்சைக்குப் போச்சு. நான் மந்தாரக்குப்பத்துல ஒரு ரூம்பு புடிச்சு வாணலியை அங்க மாத்தினேன். ரெண்டு வருசம் கழிச்சு லேப்பு மாறிச்சு, ஆளும் மாறிட்டாங்க. காத்து சார் எங்க போனார்னு தெரியல. யாருகிட்ட விசாரிக்கறது, எந்தப் பேரைச் சொல்லி? அதை நெனச்சா வெக்கமா இருக்கு.

ஆனா அன்னைக்கு மாடியில நடந்ததை இன்னும் முடிக்கல. நான் ஒத்துக்கினதும் மேடம் போன்ல பேசறதுக்குத் தள்ளிப் போனாங்க. நானும் அவரும் மட்டும் நிக்கறோம். எனக்குக் கண்ணுல தண்ணி முட்டுது. நன்றின்னு ஏதாவது சொல்லுவாரு, நாமளும் மன்னிச்சிக்குங்கன்னு சொல்லிடலாம்னு காத்துக்கினு இருக்கேன். அவர் சட்டைப் பையிலேர்ந்து பேனாவை எடுத்தார்.

"அம்மா, மொத்தம் எத்தினி கிலோ?"

"என்னாது?"

"மாவு. நான் வர்றதுக்குள்ள நீங்க பாதியை வாரிட்டீங்க."

"எட்டு கிலோ சார்."

"எட்டா!" மனுசன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. பாரத்தை மெஷின் மேல வெச்சு, 'சுமார் ஐந்து' மேல ஒரு கோடு இழுத்து, பக்கத்துல 'எட்டு'ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். எனக்குப் பத்திக்கினு வந்துச்சு.

"ஏன் சார், வேலையே போவ இருந்துச்சு, உங்களுக்கு இப்போ கிலோதான் முக்கியமா?"

அவர் பேனாவை மூடினார். மூணு வாரத்துக்கப்புறம் அப்பதான் என்னை நிமிர்ந்து பாத்தார்.

"சுமார்னு எழுதினதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லம்மா. கேக்கலாம்னு வந்தா, நீங்க ஜன்னலைச் சாத்திட்டீங்க."